பாடநூலில் முடிந்த வினையில் இன்னும் என்ன ஆய்வு?

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் வேதியியல் படிக்கும் பிள்ளைகள் இறுதியாண்டு ஆய்வுத் திட்டத்தின் தலைப்பை வீட்டில் சொல்லும்போது ஒரு கேள்வி எழுவது வழக்கம். 'கருக்கவர் பதிலீட்டு வினைகளில் வினைத்திறன்' என்று தலைப்பு இருந்தால், படிவம் ஆறில் வேதியியல் எடுத்த அண்ணனோ அக்காவோ, "இதை நாங்கள் எஸ்.டி.பி.எம். தேர்வுக்கே படித்துவிட்டோமே, இதில் ஆராய என்ன மிச்சம் இருக்கிறது?" என்று கேட்பார்கள்.

நியாயமான கேள்விதான். இந்த வினைகளின் அடிப்படை விளக்கம் 1930களிலேயே எழுதப்பட்டுவிட்டது. ஆனால் பாடநூல் தரும் வேக வரிசைகள் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு கரைப்பானில், ஏதோ ஒரு வெப்பநிலையில் அளந்து எடுத்தவை. நாம் வரிசையை மனப்பாடம் செய்கிறோம், நிபந்தனையை விட்டுவிடுகிறோம். நிபந்தனை மாறினால் சில வரிசைகள் தலைகீழாகவே புரண்டுவிடும். அது எங்கே, எவ்வளவு புரள்கிறது என்று அளப்பது இளங்கலை மாணவரின் கைக்கு எட்டும் வேலை. உண்மையான ஆய்வும்கூட. எப்படி என்று அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

வினையில் நடப்பது என்ன?

ஒரு கார்பன் அணுவோடு குளோரின், புரோமின், அயோடின் போன்ற ஒன்று இணைந்திருக்கிறது. பிணைப்பில் உள்ள எலக்ட்ரான்களை அது தன் பக்கம் இழுப்பதால் கார்பனில் சிறிது நேர்மின் தன்மை வருகிறது. எலக்ட்ரான் இணை ஒன்றைக் கொடுக்கத் தயாராக இருக்கும் வேறொரு மூலக்கூறோ அயனியோ அந்தக் கார்பனை நாடி வருகிறது. அதுதான் கருக்கவர் பொருள். ஹைட்ராக்சைடு, அயோடைடு, அம்மோனியா, நீர் எல்லாம் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை. வந்தது ஒட்டிக்கொள்ள, இருந்தது தன் எலக்ட்ரான் இணையோடு பிரிந்து போகிறது. பிரிந்து போவதை வெளியேறும் தொகுதி என்கிறோம்.

இது நடக்க இரண்டு வழிகள் உண்டு என்று லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் எட்வர்ட் ஹியூஸும் கிறிஸ்டோபர் இங்கோல்டும் 1930களில் வகுத்தார்கள்.

1. எஸ்என்2: புதியது ஒட்டுவதும் பழையது பிரிவதும் ஒரே கட்டத்தில் நடக்கும். வேகம் இரண்டு பொருள்களின் செறிவையும் சார்ந்தது. ஹைட்ராக்சைடை இரட்டிப்பாக்கினால் வேகமும் இரட்டிப்பாகும்.

2. எஸ்என்1: பழையது முதலில் பிரிந்து போகும். நேர்மின் சுமையுள்ள கார்பன் அயனி ஒன்று சிறிது நேரம் நிற்கும். அப்புறம்தான் கருக்கவர் பொருள் வந்து சேரும். மெதுவான கட்டம் முதல் கட்டம் என்பதால் வேகம் ஹேலோ ஆல்கேனின் (குளோரின், புரோமின், அயோடின் போன்ற ஒன்று கார்பனோடு இணைந்த தொடக்கப் பொருளின்) செறிவை மட்டுமே சார்ந்தது.

எஸ்என்2 வழியில் புதியது எப்போதும் வெளியேறும் தொகுதிக்கு நேர் எதிர்ப்பக்கத்திலிருந்தே வருகிறது. அதனால் கார்பனைச் சுற்றியுள்ள மற்ற மூன்று தொகுதிகளும் பலத்த காற்றில் குடை மடிவது போல மறுபக்கம் திரும்பிவிடும். இப்படி ஒரு திருப்பம் உண்டு என்பதை பால் வால்டன் 1896இலேயே கண்டார். ஒவ்வொரு முறையும் அது நடக்கிறது என்பதற்கான சான்று 1935இல் ஹியூஸின் குழுவிடமிருந்து வந்தது. அழகான சோதனை, சற்று நின்று பார்க்கத் தகுந்தது.

2-அயோடோஆக்டேனை அசிட்டோனில் கதிரியக்க அயோடைடோடு வினைபுரிய விட்டார்கள். அயோடின் போய் அயோடின் வருவதால் பொருள் மாறாது. ஆனால் இரண்டு விஷயங்களை அளக்கலாம்: கதிரியக்க அயோடின் எவ்வளவு வேகமாக உள்ளே புகுகிறது, ஒளியைச் சுழற்றும் தன்மை எவ்வளவு வேகமாகக் குறைகிறது. இரண்டாவது, முதலாவதைப் போல இரு மடங்கு வேகமாக இருந்தது. காரணம் எளிது. திரும்பிய ஒவ்வொரு மூலக்கூறும் திரும்பாத இன்னொன்றின் சுழற்சியை ஈடுகட்டி அழித்துவிடும். ஆகவே ஒரு பதிலீட்டுக்கு இரண்டு மூலக்கூறுகளின் சுழற்சி போய்விடுகிறது. சரியாக இரண்டு மடங்கு என்றால், ஒவ்வொரு பதிலீடும் ஒரு திருப்பம் என்று பொருள். விலை உயர்ந்த கருவியின் தயவால் வந்த முடிவல்ல இது. எதை எதோடு ஒப்பிட வேண்டும் என்ற சிந்தனையால் வந்தது. இளங்கலை ஆய்வுக்கு இதைவிட நல்ல முன்மாதிரி எனக்குத் தெரியவில்லை.

வினைத்திறன் யாருடைய குணம்?

'மூவிணைய ஹேலைடு வினைத்திறன் மிக்கது', 'அயோடைடு நல்ல கருக்கவர் பொருள்' என்று எழுதும்போது, வினைத்திறன் அந்த மூலக்கூறுக்கே சொந்தமான குணம் போலத் தோன்றுகிறது. குழப்பத்தின் வேர் இங்கேதான். வேகம் என்பது ஒரே நேரத்தில் குறைந்தது நான்கு காரணிகளின் கூட்டு விளைவு.

1. கார்பனின் சுற்றுப்புறம். எஸ்என்2 வழியில் எத்தில் ஹேலைடின் வேகத்தை 1 என்று வைத்தால், மெத்தில் ஹேலைடு சுமார் 30, ஐசோபுரொப்பைல் சுமார் 0.025, நியோபென்டைல் சுமார் 0.00001. கார்பனைச் சுற்றி நெரிசல் கூடக்கூட எதிர்ப்பக்கத்திலிருந்து நுழைய இடம் இல்லாமல் போகிறது. எஸ்என்1 வழியில் நிலைமை நேர்மாறு. வேறு மூன்று கார்பன்கள் இணைந்த மூவிணையக் கார்பன் அயனிதான் நிலைத்து நிற்கும், அதனால் அதுவே முந்தும்.

2. வெளியேறும் தொகுதி. குளோரோ, புரோமோ, அயோடோபியூட்டேன் மூன்றிலும் எத்தனால் கலந்த வெள்ளி நைட்ரேட்டை ஊற்றும் சோதனை பலருக்கு நினைவிருக்கும். அயோடைடின் மஞ்சள் வீழ்படிவுதான் முதலில் வரும், குளோரைடின் வெள்ளை கடைசியில். பிணைப்பின் முனைவுத்தன்மையை மட்டும் பார்த்தால் குளோரைடு அல்லவா முந்த வேண்டும்? முடிவு செய்வது பிணைப்பின் வலிமை. கார்பன்–குளோரின் பிணைப்பை உடைக்க மோலுக்கு ஏறத்தாழ 340 கிலோஜூல் தேவை, கார்பன்–அயோடினுக்கு 240 போதும்.

3. கருக்கவர் பொருள். காரத்தன்மை கூடினால் கருக்கவர் தன்மையும் கூடும் என்பது பாதி உண்மைதான். பிரிடினில் நைட்ரஜனின் இரு பக்கமும் ஒவ்வொரு மெத்தில் தொகுதியை வைத்தால் 2,6-லூட்டிடின் கிடைக்கும். இது பிரிடினைவிட வலிமையான காரம். புரோட்டானைப் பிடிக்கும்போது அந்த மெத்தில்கள் தடையாக இல்லை. ஆனால் கார்பனை நெருங்கும்போது அவையே குறுக்கே நிற்கின்றன, வேகம் விழுந்துவிடுகிறது.

4. கரைப்பான். இதைப் பாடநூல்கள் ஒரு பத்தியில் முடித்துவிடுகின்றன. உண்மையில் மற்ற மூன்றையும் ஆட்டிப்படைப்பது இதுதான் என்பதால் தனியாகப் பார்க்க வேண்டும்.

கரைப்பான் வரிசையையே மாற்றும்

மெத்தில் அயோடைடும் குளோரைடும் வினைபுரியும் வேகத்தை மெத்தனாலில் 1 என்று வைப்போம். அதே 25 டிகிரியில் ஃபார்மமைடில் அது 12.5. ஒரு மெத்தில் கூடுதலாக உள்ள என்-மெத்தில்ஃபார்மமைடில் சுமார் 45. இன்னொரு மெத்தில் சேர்ந்த டைமெத்தில்ஃபார்மமைடில் சுமார் 12 லட்சம்.

முதல் மூன்றும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் நிற்கின்றன, நான்காவது எங்கோ போய்விட்டது. ஏன்? ஃபார்மமைடில் நைட்ரஜனோடு இணைந்த ஹைட்ரஜன் இரண்டு உண்டு. அடுத்ததில் ஒன்று உண்டு. டைமெத்தில்ஃபார்மமைடில் ஒன்றும் இல்லை. அப்படிப்பட்ட ஹைட்ரஜன் ஒன்று இருந்தாலும் அது குளோரைடைச் சூழ்ந்து ஹைட்ரஜன் பிணைப்பால் கட்டிப்போடும். குளோரைடு வினைபுரிய வேண்டுமானால் முதலில் அந்தக் கட்டை அவிழ்க்க ஆற்றல் செலவழிக்க வேண்டும். அப்படிப்பட்ட ஹைட்ரஜனே இல்லாத கரைப்பானில் அந்தச் செலவு இல்லை.

இதன் விளைவு தேர்வு விடைத்தாள் வரை நீள்கிறது. நீரிலும் ஆல்கஹாலிலும் ஹேலைடுகளின் கருக்கவர் தன்மை அயோடைடு, புரோமைடு, குளோரைடு, ஃபுளோரைடு என்று இறங்கும். சிறிய அயனியைக் கரைப்பான் இறுக்கமாகக் கட்டிப்போடுவதே காரணம். டைமெத்தில்ஃபார்மமைடு, டைமெத்தில்சல்ஃபாக்சைடு போன்றவற்றில் அந்தக் கட்டு இல்லாததால் வரிசை தலைகீழாகும். அப்படியானால் 'அயோடைடு குளோரைடைவிடச் சிறந்த கருக்கவர் பொருள்' என்ற வாக்கியம் சரியா தவறா? கரைப்பானைச் சொல்லாதவரை அந்த வாக்கியம் முழுமையாகவில்லை.

எஸ்என்1 பக்கமும் இதே கதைதான், காரணம் மட்டும் வேறு. அங்கே கரைப்பான் உதவி செய்கிறது. பிரியும் அயனிகளைத் தாங்கி நிறுத்துகிறது. மூவிணைய பியூட்டைல் குளோரைடை அளவுகோலாக வைத்து, கிரன்வால்டும் வின்ஸ்டைனும் 1948இல் கரைப்பான்களுக்கு மதிப்பெண் கொடுத்தார்கள். 80 சதவீத எத்தனாலுக்கு 0, தூய எத்தனாலுக்கு −2.03, தூய நீருக்கு +3.49. இது மடக்கை அளவீடு. எனவே எத்தனாலிலிருந்து நீருக்கு மாற்றினால் வேகம் மூன்று லட்சம் மடங்குக்கு மேல் ஏறும்.

ஆய்வுக்கூடத்தில் செய்வது என்ன?

மலாயாப் பல்கலைக்கழகமோ மிண்டனில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகமோ, எந்த வேதியியல் துறையிலும் இந்த வகை ஆய்வுக்குத் தேவையான அடிப்படைக் கருவிகள் சாதாரணமானவை: வெப்பநிலையை நிலையாக வைக்கும் நீர்த்தொட்டி, மின்கடத்துத்திறன் மானி, தரம்பார்க்கும் பியூரெட், புறஊதா நிறமாலைமானி.

மூவிணைய பியூட்டைல் குளோரைடு நீரோடு வினைபுரியும்போது ஹைட்ரோகுளோரிக் அமிலம் உண்டாகிறது. தொடக்கத்தில் அயனிகளே இல்லாத கரைசலில் அயனிகள் பெருகுவதால் மின்கடத்துத்திறன் ஏறும். ஒவ்வொரு நேரத்திலும் அளந்து, இறுதி மதிப்பிலிருந்து கழித்து, மடக்கை எடுத்து, நேரத்துக்கு எதிராக வரைந்தால் நேர்கோடு வரும். அதன் சாய்வு வேக மாறிலியைத் தரும். மானி இல்லாவிட்டால் புரோமோஃபீனால் நீலமும் சிறிதளவு சோடியம் ஹைட்ராக்சைடும் போதும். அமிலம் அந்தக் காரத்தைத் தீர்த்த கணத்தில் நீலம் மஞ்சளாக மாறும். நிறம் மாற எடுத்த நேரத்திலிருந்து வேகம் கிடைக்கும்.

எஸ்என்2 பக்கம் எனக்குப் பிடித்தது பென்சைல் புரோமைடும் பிரிடின்களும் சேரும் வினை. இரண்டு நடுநிலை மூலக்கூறுகள் சேர்ந்து உப்பு ஒன்றைத் தருவதால் இதையும் மின்கடத்துத்திறனால் பின்தொடரலாம். நிக்கொலாய் மென்ஷுட்கின் 1890இல் 23 கரைப்பான்களில் அளந்த வினையும் இதே குடும்பம். பிரிடினில் ஒரு தொகுதியை மாற்றினால் என்ன ஆகும், கரைப்பானில் பத்து சதவீதம் நீர் கலந்தால் என்ன ஆகும், இரண்டையும் சேர்த்து மாற்றினால் விளைவுகள் கூட்டப்படுமா அல்லது ஒன்றையொன்று பாதிக்குமா? கடைசிக் கேள்விக்கு விடை எல்லாச் சேர்க்கைக்கும் அச்சில் இல்லை. ஒரு மாணவர் தேர்ந்தெடுக்கும் பிரிடினுக்கும் கலவைக் கரைப்பானுக்கும் உரிய வேக மாறிலி இதுவரை யாரும் அளக்காததாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. ஆய்வு என்ற சொல் இங்கே பொருந்துவது அதனால்தான்.

பென்சைல் புரோமைடு கண்ணீரை வரவழைக்கும் பொருள், மெத்தில் அயோடைடு நச்சு. புகைக்கூண்டும் கையுறையும் இல்லாமல் இவற்றின் மூடியைத் திறக்கக்கூடாது.

சறுக்கும் இடங்கள்

1. 'அறை வெப்பநிலை'. குளிர்நாட்டில் எழுதிய கையேட்டில் இந்தச் சொல் 20 முதல் 25 டிகிரியைக் குறிக்கும். குளிர்சாதனம் இல்லாத பினாங்கு ஆய்வுக்கூடத்தில் மதியம் 30ஐத் தாண்டும். கிளர்வு ஆற்றல் (வினை நடக்கத் தாண்ட வேண்டிய ஆற்றல் தடை) மோலுக்கு 90 கிலோஜூல் என்று வைத்துக் கணக்குப் போட்டால், 25இலிருந்து 30க்கு ஏறுவதே வேகத்தை ஏறத்தாழ 1.8 மடங்காக்கிவிடும். ஒரு மெத்தில் தொகுதியின் விளைவு என்று மாணவர் எழுதியது, காலையில் ஒன்றையும் மதியம் இன்னொன்றையும் அளந்ததன் விளைவாக இருக்கலாம். நீர்த்தொட்டி இல்லாத அளவீட்டை நான் ஆய்வுக் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

2. ஈரப்பதம். சோடியம் அயோடைடை அசிட்டோனில் கரைத்துச் செய்யும் பிங்கெல்ஸ்டைன் வினையில், சோடியம் குளோரைடும் புரோமைடும் அசிட்டோனில் கரையாமல் வீழ்வதே வினையை முன்னால் தள்ளுகிறது. நம் ஊர்க் காற்றில் திறந்து வைத்த அசிட்டோன் நீரை உறிஞ்சும். நீர் சேர்ந்தால் உப்பு கரையத் தொடங்கும். வீழ்படிவு தாமதமாக வந்ததைப் பார்த்து ஹேலைடு மந்தமானது என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

3. நீக்க வினை. ஹைட்ராக்சைடு கார்பனைத் தாக்காமல் பக்கத்து ஹைட்ரஜனைப் பிடுங்கினால் ஆல்கீன் உண்டாகும். ஹேலைடு வெளியேறும் வேகத்தை மட்டும் அளப்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். விளைபொருளையும் பார்க்க வேண்டும்.

4. முதல்படி வேகம் (ஒரே பொருளின் செறிவை மட்டும் சார்ந்த வேகம்) என்றால் எஸ்என்1 என்ற முடிவு. இதுதான் மிகப் பரவலானது. நீரே கரைப்பானாகவும் கருக்கவர் பொருளாகவும் இருக்கும்போது அதன் செறிவு லிட்டருக்குச் சுமார் 55 மோல். வினை முடிந்தாலும் அது குறைந்ததாகத் தெரியாது. ஆகவே எஸ்என்2 வழியில் நடந்தாலும் வரைபடம் முதல்படிக் கோட்டையே காட்டும். வழியைக் கண்டுபிடிக்க வேறு சோதனைகள் வேண்டும்: வெளியேறும் அயனியையே கூடுதலாகச் சேர்த்தால் வேகம் குறைகிறதா, வலுவான வேறொரு கருக்கவர் பொருளைச் சிறிதளவு சேர்த்தால் வேகம் மாறாமல் விளைபொருள் மட்டும் மாறுகிறதா, ஒளிசுழற்றும் தன்மை முழுதாகத் திரும்புகிறதா அல்லது அழிகிறதா.

ஈரிணைய ஹேலைடுகளில் இந்தச் சோதனைகள் பல நேரம் ஒரே பக்கம் கை காட்டுவதில்லை. அயனிகள் முழுதாகப் பிரியாமல் இணையாகவே நிற்கும் நிலைகளும் உண்டு என்று வின்ஸ்டைன் காட்டினார். எஸ்என்1, எஸ்என்2 என்ற இரண்டு பெட்டிகளுக்கு நடுவே உள்ள இந்த இடம்தான் மாணவர்களுக்கு வளமான நிலம்.

இதனால் யாருக்கு என்ன?

பெட் ஸ்கேன் எடுக்கும் புற்றுநோயாளிக்குச் செலுத்தும் கதிரியக்கச் சர்க்கரை எஸ்என்2 வினையால் உருவாகிறது. ஃபுளோரின்-18 அணுவின் அரை ஆயுள் ஏறத்தாழ 110 நிமிடம். வினை மெதுவாக நடந்தால் மருந்து நோயாளியை அடையும் முன்பே பாதி போய்விடும். அதனால் மேலே பார்த்த காரணிகள் எல்லாவற்றையும் ஒன்றுசேர்க்கிறார்கள். மிக எளிதில் பிரியும் டிரைஃப்ளேட் தொகுதி, ஹைட்ரஜன் பிணைப்பால் கட்டிப்போடாத அசிட்டோநைட்ரைல் கரைப்பான், பொட்டாசியத்தைத் தனியே பிடித்துவைத்து ஃபுளோரைடை விடுவிக்கும் கூண்டு மூலக்கூறு. தொடக்கப் பொருள் மானோஸ் சர்க்கரையின் வழிப்பொருள். இரண்டாம் கார்பனில் ஃபுளோரைடு எதிர்ப்பக்கம் நுழைந்து அமைப்பைத் திருப்புவதால் குளுக்கோஸின் அமைப்பு கிடைக்கிறது. 1896இல் வால்டன் கண்ட திருப்பம் இல்லையென்றால் இந்த மருந்து செல்லுக்குள் குளுக்கோஸாக ஏமாற்றி நுழைய முடியாது.

துறைமுகங்களில் சரக்குக்குப் புகையூட்டும் மெத்தில் புரோமைடு இன்னொரு உதாரணம். மேலே கொடுத்த வரிசையில் மெத்தில்தான் முதலிடம், நெரிசலே இல்லாத கார்பன். புரதங்களில் உள்ள கந்தகத் தொகுதிகள் அதை எளிதில் தாக்கி மெத்தில் ஏற்றுக்கொள்கின்றன. பூச்சி சாவதும் அதைக் கையாளும் தொழிலாளிக்கு ஆபத்து வருவதும் ஒரே வினையால். ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் மாண்ட்ரியல் உடன்படிக்கையின் கீழ் வளரும் நாடுகளிலும் 2015இல் இதன் பயன்பாடு நிறுத்தப்பட்டது. தனிமைப்படுத்தல், ஏற்றுமதிக்கு முந்திய புகையூட்டல் ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு.

நம் நாட்டு ரப்பரிலும் இந்த வேதியியல் இருக்கிறது. மலேசிய ரப்பர் வாரியம் 'எக்கோப்ரீனா' என்ற பெயரில் தரும் எபாக்சி ஏற்றிய இயற்கை ரப்பரில், ஆக்சிஜனும் இரண்டு கார்பன்களும் சேர்ந்த இறுக்கமான மூவணு வளையங்கள் உள்ளன. கருக்கவர் பொருள் தாக்கினால் அவை திறந்துகொள்ளும், அமிலம் இருந்தால் இன்னும் எளிதாக.

ஒரு திட்டத்தை எப்படி எடைபோடுவது?

மேற்பார்வையாளரைச் சந்திக்கப் போகும் மாணவர் இவற்றைக் கேட்கலாம்.

1. ஒரே நேரத்தில் எத்தனை காரணிகள் மாறுகின்றன? ஒன்றை மாற்றி மற்றதை நிலையாக வைக்கும் திட்டம்தான் ஓர் ஆண்டுக்குள் விடை தரும்.

2. ஒவ்வொரு அளவீட்டையும் மறுபடி செய்ய நேரம் ஒதுக்கியிருக்கிறதா? ஒரே முறை அளந்த வேக மாறிலிக்குப் பிழை எல்லையே எழுத முடியாது.

3. யாருடைய எண்களோடு ஒப்பிடப் போகிறோம்? மியூனிக்கில் ஹெர்பர்ட் மாயர் குழு திரட்டிய கருக்கவர் தன்மை எண்கள் இலவசமாகவே பார்க்கக் கிடைக்கின்றன. அவை 20 டிகிரியில் உள்ள வேகங்களை அடிப்படையாகக் கொண்டவை. இங்கே குழாய் நீரோட்டத்தால் குளிர்வித்து 20க்கு இறக்க முடியாது, குளிர்விக்கும் சுழற்சிக் கருவி வேண்டும். கருவி இல்லையென்றால் 30, 35, 40, 45 டிகிரிகளில் அளந்து, வேகம் வெப்பநிலையோடு மாறுவதைக் காட்டும் அர்ரீனியஸ் வரைபடம் போட்டு 20க்கு நீட்டிக் கணக்கிடலாம். அதற்கு ஒவ்வொரு பொருளுக்கும் நான்கு மடங்கு அளவீடு தேவைப்படும். எத்தனை பொருள்களை எடுப்பது என்பதை இந்தக் கணக்கைப் போட்ட பிறகே முடிவு செய்ய வேண்டும்.